சாவி கொடுத்தவன் கதை: குற்றாலச் சீசனும் மின் ஸ்கூட்டரும்

போன வருஷம் ஜூன் கடைசி. சாரல் ஆரம்பிச்சு நாலஞ்சு நாள் ஆகியிருந்துச்சு. தென்காசி பக்கம் காலேஜ்ல படிக்கிறவனுக்கு அந்த நேரத்துல பாடம் ஓடாதுங்கிறது உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை மதியம் மெஸ்ல சாப்பிட்ட கையோட என் ரூம்மேட்டும் இன்னொருத்தனும் ஐந்தருவிக்குக் கிளம்பிட்டாங்க. வண்டி அவங்களோடது இல்ல. தென்காசியில இருந்து தினமும் வந்துபோற ஜூனியர் பையனோட மின் ஸ்கூட்டர். "ஏல, ஆறு மணிக்குள்ள கொண்டாந்துருதேன்"னு சொல்லி சாவியை வாங்கிட்டுப் போனான்.

திரும்பி வரும்போது மணி அஞ்சரை. அருவியில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சவங்க ஈரத் துணியோட நடந்துபோற ரோடு அது. மழைத்தண்ணி, எண்ணெய், ஷாம்பு நுரை எல்லாம் சேர்ந்து தார் ரோடு பளபளன்னு இருக்கும். ஒரு வளைவுல, பக்கத்துச் சந்திலிருந்து சைக்கிளை உருட்டிக்கிட்டு ஒரு தாத்தா வெளியே வந்தாரு. இவன் த்ராட்டிலை விட்டு பிரேக்கை அமுக்கினான். பின்சக்கரம் வழுக்கிருச்சு. இவன் ஒரு பக்கம் விழுந்தான், வண்டி சறுக்கிக்கிட்டே போய் சைக்கிளை அடிச்சுது. இவனுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு, பின்னாடி உட்கார்ந்தவனுக்கு முழங்கால் தோல் போச்சு, தாத்தாவுக்குக் கால் எலும்பு முறிஞ்சுது. ஹெல்மெட் ரெண்டுமே வண்டியோட சீட்டுக்கு அடியில பத்திரமா இருந்துச்சு.

ஹாஸ்டல்ல ஒரு வாரம் இதே பேச்சுதான். தப்பு ஓட்டினவன் மேலன்னு ஒரு கூட்டம். தாத்தா பார்க்காம வந்தாருன்னு ஒரு கூட்டம். ரோட்டைச் சுத்தமா வைக்காதவங்க மேலன்னு சிலர். "கரண்ட் வண்டிக்கு லைசென்ஸே வேணாம், கேஸும் வராது"ன்னு அடிச்சுப் பேசினவனும் இருந்தான். சில மாசம் கழிச்சு நோட்டீஸ் வந்துச்சு. அதுல முதல் எதிர்மனுதாரரா இருந்தது என் ரூம்மேட் இல்ல, அந்த ஜூனியரோட அம்மா. விபத்து நடந்தப்போ அவங்க வீட்டுல இருந்தாங்க. மகன் சாவியை இன்னொருத்தனுக்குக் கொடுத்ததே அவங்களுக்குத் தெரியாது.

ஆர்.சி. புக்குல இருந்தது அவங்க பேரு. அவ்வளவுதான். இது எப்படின்னு புரிஞ்சுக்கத்தான் இந்தக் கட்டுரை. நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம், வக்கீல் இல்ல. சொந்தக்கார அண்ணன் ஒருத்தர் வக்கீலா இருக்காரு. அவரைத் தொந்தரவு பண்ணிக் கேட்டதும், சட்டப் பிரிவுகளை எடுத்து நானே படிச்சதும்தான் கீழே இருக்கு.

இது வண்டியா, சைக்கிளா?

"கரண்ட் வண்டிக்கு லைசென்ஸ் வேணாம்" என்பது பாதி உண்மை. பாதி உண்மைதான் ரொம்ப ஆபத்து. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பேட்டரி வாகனத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. மோட்டாரின் அரை மணி நேரத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இவை எல்லாம் பொருந்தி, அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தின் சான்றும் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவு வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், காப்பீடும் கட்டாயம் இல்லை.

கவனிங்க, ஏதோ ஒண்ணு பொருந்தினா போதாது, எல்லாம் பொருந்தணும். இப்போ ரோட்டுல பறக்கிற பச்சை நம்பர் பிளேட் ஸ்கூட்டர் எதுவும் இந்த விலக்குல வராது. அதெல்லாம் முழு மோட்டார் வாகனம். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு என்னென்ன விதியோ அத்தனையும் இதுக்கும் உண்டு: கியர் இல்லாத இருசக்கர வாகன உரிமம், ஹெல்மெட், காப்பீடு.

நம்பர் பிளேட் இல்லாத சின்ன வண்டிகள்ல வேற ஒரு வில்லங்கம் இருக்கு. "வயரைக் கழட்டி விட்டா 45 போகும்ணே"ன்னு சொல்லி வேகத் தடையை எடுத்துக் கொடுக்கிறவங்க உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் 2023ல் மோட்டார் வாகனத் துறை இதுக்காகவே ஷோரூம்களில் சோதனை நடத்தியது. நாம எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற ஆளுங்க, கன்ட்ரோலர்ல அந்த வரம்பை எடுக்கிறது நமக்கு ஒரு மாலை நேர வேலை. ஆனா எடுத்த அந்த நிமிஷமே விலக்கு போய்விடுகிறது. அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பதிவில்லாமல் ஓட்டுவதற்கு முதல் முறை 5,000 ரூபாய் வரை, உரிமம் இல்லாமல் ஓட்டுவதற்கு 5,000, காப்பீடு இல்லாததற்கு 2,000, வண்டியை மாற்றி அமைத்ததற்குத் தனியாக 5,000 வரை அபராதம். சிலவற்றுக்குச் சிறையும் உண்டு. அபராதம்கூடப் பரவாயில்ல. யாரையாவது இடிச்சா பணம் கொடுக்க பின்னாடி ஒரு கம்பெனியும் இருக்காது. முழுசும் நம்ம வீட்டுக் காசு.

விலக்குக்குள் வரும் நிஜமான 25 கி.மீ. வண்டிக்கும் இதே பிரச்சினை வேறு வடிவத்தில் இருக்கிறது. அது மோட்டார் வாகனம் இல்லை என்பதால், அது இடித்து ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அவர் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. சாதாரண உரிமையியல் வழக்குதான் போட வேண்டும். அதே வண்டியில் போகும் உங்களை ஒரு பஸ் இடித்தால், சைக்கிளில் போனவரைப் போலவே நீங்கள் தாராளமாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஈர ரோட்டுக் கணக்கு

இப்போ நம்ம பாடத்துக்கு வருவோம். முதல் வருஷ இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் போதும். பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, உராய்வுக் கெழுவுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். காய்ந்த தார் ரோட்டுக்கு 0.7, நனைந்த ரோட்டுக்கு 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தைப் பார்த்து கை பிரேக்குக்குப் போக ஒரு வினாடி.

25 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு வினாடியிலேயே 7 மீட்டர் போய்விடும், ஈர ரோட்டில் பிரேக் தூரம் இன்னும் 6 மீட்டர். மொத்தம் 13. 45 கி.மீ. வேகத்தில் 12.5 மீட்டரும் 20 மீட்டரும் சேர்ந்து 32 மீட்டருக்கு மேல். 60ல் 17ம் 35ம் சேர்ந்து 52 மீட்டர், அதாவது நாலு அரசு பஸ்ஸை வரிசையா நிறுத்தின நீளம். இது எண்ணெய் இல்லாத ஈர ரோட்டுக்கு. ஐந்தருவி ரோட்டுல சீசன் நேரத்துல உராய்வு என்னன்னு நான் அளந்ததில்ல, ஆனா 0.4ன்னு சொன்னா அது தாராள மனசு.

மின் ஸ்கூட்டருக்கு மட்டும் உரிய விஷயம் இனிமேதான். த்ராட்டிலை விட்டதுமே மோட்டார் ஜெனரேட்டராக மாறி சக்கரத்தைப் பிடிக்கும். இதுதான் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் மோட்டார் பின்சக்கரத்தோடுதான் இணைந்திருக்கும். வண்டி வேகம் குறையும்போது எடை முன்பக்கம் சாயும், பின்சக்கரத்தின் அழுத்தம் குறையும், அதன் பிடிமானமும் குறையும். அந்த நேரத்தில் மோட்டாரும் பிடிக்கிறது, பின் பிரேக்கும் பிடிக்கிறது. வளைவில், ஈரத்தில், பின்சக்கரம் பக்கவாட்டில் போக இது போதும். என் ரூம்மேட் பெட்ரோல் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகினவன். த்ராட்டிலை விட்டா வண்டி மெல்ல உருளும்னுதான் அவன் கைக்குத் தெரியும்.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. பேட்டரி நிறைந்திருக்கும்போது அது திரும்ப வரும் மின்சாரத்தை ஏற்காது. அதனால் சில மாடல்களில் ஃபுல் சார்ஜில் கிளம்பும்போது ரீஜென் லேசாக இருக்கும், கொஞ்ச தூரம் ஓடி சார்ஜ் இறங்கியதும் நன்றாகப் பிடிக்கும். ஓட்டும் மோடை மாற்றினாலும் மாறும். போகும்போது ஒரு மாதிரி, வரும்போது வேறு மாதிரி. தினமும் ஓட்டுறவனுக்கு இது கைப்பழக்கம். ஒரு மதியத்துக்குக் கடன் வாங்கினவனுக்கு எப்படித் தெரியும்?

எடுக்கும்போதும் அப்படித்தான். பூஜ்ய வேகத்திலேயே முழு டார்க் கிடைக்கும். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு உட்காரும்போது த்ராட்டில் லேசா திரும்பினாலே வண்டி பாயும். சத்தமும் கிடையாது. சந்தில் இருந்து வரும் வயசானவங்க காதை நம்பித்தான் ரோட்டுக்கு வர்றாங்க. நம்ம தாத்தா "வண்டி வர்ற சத்தமே கேக்கலய்யா"ன்னு சொன்னது சாக்கு இல்ல.

உடம்புக்கு என்ன ஆகும்

இருசக்கர வண்டியில விழுறவன் முதல்ல கையைத்தான் ஊன்றுவான். அதனாலதான் மணிக்கட்டும் தோள்பட்டைக் காறை எலும்பும் அதிகம் முறியுது. அடுத்தது முகம், தாடை. பிறகு தலை.

"25ல போற வண்டிக்கு எதுக்குல ஹெல்மெட்"னு கேக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கும்போது தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் சாய்ந்து தலை நேரே தரையில் மோதினால், மோதும் வேகம் வினாடிக்கு 5.4 மீட்டர். மணிக்கு 19 கி.மீ.க்கு மேல். வண்டியின் வேகம் இதில் சேரவே இல்லை. இந்த வேகத்தைக் கொடுப்பது புவியீர்ப்பு, அதுக்கு 250 வாட்டா 5 கிலோவாட்டானு பாகுபாடு தெரியாது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைக்கிறது என்று சொல்கிறது. மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஒரே வருஷத்தில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த வருஷம் முதல் மாநிலம் நம்ம தமிழ்நாடு.

சாவி கை மாறும்போது

இப்போ அந்த அம்மாவோட பேரு ஏன் முதல்ல வந்துச்சுன்னு பார்ப்போம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் இழப்பீட்டுப் பொறுப்பு ஓட்டியவரோடு நிற்பதில்லை. உரிமையாளரின் அனுமதியோடு வண்டி ஓடியது என்றால், ஓட்டியவரின் கவனக்குறைவுக்கு உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனம் அந்த உரிமையாளருக்குப் பதிலாகப் பணம் கட்டும் இடத்தில் நிற்கிறது. அதனால் மனுவில் உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் இரண்டும் கட்டாயம் வரும்.

இதுவரை பயப்பட ஒண்ணுமில்ல, கம்பெனி கட்டிரும். சிக்கல் லைசென்ஸ்ல வந்துச்சு. என் ரூம்மேட் கிட்ட இருந்தது எல்.எல்.ஆர். மட்டும்தான். அதோட ஆயுள் ஆறு மாசம். மார்ச்லயே முடிஞ்சுபோச்சு. விபத்து நடந்த அன்னைக்கு அவன் சட்டப்படி உரிமம் இல்லாதவன்.

இந்த மாதிரி வழக்குக்கு 2004ல் உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் ஒரு வழி சொன்னது. ஓட்டியவருக்கு உரிமம் இல்லை என்பதற்காக மட்டும் அடிபட்ட மூன்றாம் நபரைக் காப்பீட்டு நிறுவனம் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. முதலில் அவருக்குக் கொடுக்கச் சொல்லலாம். உரிமையாளர் தன் பங்குக்குக் கவனக்குறைவாக இருந்து நிபந்தனையை மீறினார் என்று நிறுவனம் நிரூபித்தால், அந்தப் பணத்தை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொள்ளலாம். "கொடு, பிறகு வசூல் செய்" என்று வக்கீல்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். தாத்தாவுக்கு இது நியாயமான தீர்வு. சாவி கொடுத்த வீட்டுக்கு?

தொகை எவ்வளவு வரும்னு சும்மா ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்க. 2009ல் வந்த சரளா வர்மா தீர்ப்பில் வயது வாரியாகப் பெருக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். 61 முதல் 65 வயதுக்கு 7. மாத வருமானம் 10,000, நிரந்தர ஊனத்தால் உழைக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்று வைத்தால், 10,000ஐ 12ஆல் பெருக்கி, 7ஆல் பெருக்கி, அதில் 20 சதவீதம்: 1,68,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலைக்குப் போகாத மாதங்கள், வட்டி எல்லாம் இதுக்கு மேல. அடிபட்டவர் நம்ம வயசுல இருந்தா பெருக்கு எண் 18. மாதம் 15,000 வருமானம், 10 சதவீத இழப்புக்கே 3,24,000 வந்துவிடும். ஒரு சாவியோட விலை இது.

வண்டி கடன் வாங்கினவனுக்கு என்ன கிடைக்கும்? அவன் தப்பால் அவனே விழுந்தால், அந்த வண்டியின் காப்பீட்டில் அவன் மூன்றாம் நபர் இல்லை. கடன் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009ல் நிங்கம்மா வழக்கிலும் 2020ல் ராம்கிலாடி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலிசியில் இருக்கும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு பதிவு உரிமையாளர் தானே ஓட்டும்போதுதான், அதுவும் உரிமம் இருந்தால்தான். என் ரூம்மேட் மணிக்கட்டுல பிளேட் வச்ச செலவு முழுக்க அவங்க அப்பா கட்டினது.

பின்னாடி உட்கார்ந்தவன் நிலைமை இன்னும் வேடிக்கை. வெறும் மூன்றாம் நபர் பாலிசி பின்னால் இருப்பவரைக் காக்காது என்று 2006ல் திலக் சிங் வழக்கிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. முழுமையான பேக்கேஜ் பாலிசி இருந்தால் அவருக்கும் சேர்த்துக் கிடைக்கும். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது இருசக்கர வண்டிகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு 5 வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்கிறார்கள். ஆனால் வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீடு பொதுவாக ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். புதுப்பிக்காமல் விட்டால் மீதி நாலு வருஷம் வெறும் மூன்றாம் நபர் பாலிசிதான் கையில் இருக்கும். "இன்சூரன்ஸ் 2028 வரைக்கும் இருக்குடா"ன்னு மொபைல்ல காட்டுறவங்க, அது எந்த இன்சூரன்ஸ்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க.

மூணு பேரா போறதைப் பத்தி நிறைய பேரு கேட்டாங்க. அது குற்றம்தான், சந்தேகமில்ல. ஆனா மூணு பேரு இருந்தாங்கங்கிற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டைக் குறைக்க முடியாது, அதுதான் விபத்துக்கோ காயம் கூடினதுக்கோ காரணம்னு நிரூபிக்கணும்னு 2020ல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹெல்மெட் போடாததுக்காக ஒரு பங்கைக் குறைத்த தீர்ப்புகள் உண்டு, தலையில் அடிபட்டிருந்தால் அந்த வாதம் வலுக்கும்.

முதல் வருஷத் தம்பிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள்ல பாதிப் பேருக்கு 18 ஆகல. பிரிவு 199ஏ படி, 18 வயசுக்குக் கீழே உள்ளவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பாதுகாவலரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளி ஆகிறார்கள். 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டினவருக்கு 25 வயசு வரை உரிமம் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் சுமையும் பெற்றோர் தலையில்தான்.

குற்றவியல் பக்கம் தனி. உயிருக்கு ஆபத்தான வகையில் ஓட்டிக் கொடுங்காயம் ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவில் 3 வருஷம் வரை, மரணம் நேர்ந்தால் 106ஆம் பிரிவில் 5 வருஷம் வரை சிறை. அது ஓட்டினவனுக்கு, சாவி கொடுத்தவனுக்கு இல்ல. ஆனா உரிமம் இல்லாதவனுக்கு வண்டி கொடுத்ததுக்கு 180ஆம் பிரிவு உரிமையாளருக்குக் காத்திருக்கும்.

தப்பு வண்டியோடதா இருந்தா?

2022 மார்ச் 26. ஒரே நாளில் இரண்டு சம்பவம். வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் 13 வயது மகளும் இறந்தார்கள். அடுத்த மாதம் ஒகினாவா நிறுவனம் 3,215 ஸ்கூட்டர்களைப் பேட்டரி சரிபார்ப்புக்காகத் திரும்ப அழைத்தது, ஓலா 1,441 ஸ்கூட்டர்களை அழைத்தது. பேட்டரிப் பாதுகாப்புத் தரமான ஏ.ஐ.எஸ். 156 கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது.

அதே நாளில் கவுஹாத்தியில் நடந்தது எனக்கு இன்னும் சுவாரஸ்யம். ஓலா ஸ்கூட்டர் ஓட்டிய ஓர் இளைஞருக்கு வேகத்தடை அருகே விபத்து நடந்து கை எலும்பு முறிந்தது. ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் கோளாறால் வண்டி வேகம் குறைவதற்குப் பதில் கூடியது என்று அவருடைய தந்தை பொதுவெளியில் எழுதினார். நிறுவனம் மறுத்தது. வண்டியிலிருந்து வந்த பதிவுகளையே வெளியிட்டு, அன்றிரவு ஒரு கட்டத்தில் 115 கி.மீ. வரை வேகம் போனது, விபத்து நேரத்தில் பிரேக்குகள் சேர்ந்து அமுக்கப்பட்டு 80லிருந்து 3 வினாடியில் பூஜ்யத்துக்கு வந்தது என்றது. சம்மதம் கேட்காமல் தரவை வெளியிட்டது சரியா என்று அடுத்த சண்டை கிளம்பியது.

யார் சரின்னு தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்ல. அந்த எண்ணை மட்டும் பாருங்க. 80லிருந்து 3 வினாடியில் பூஜ்யம் என்றால் சராசரி வேகக் குறைப்பு 7.4 மீட்டர், புவியீர்ப்பில் முக்கால் பங்கு. நல்ல காய்ந்த ரோட்டில் டயர் தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எண் சாத்தியமானதுதான். ஆனா த்ராட்டில் சென்சார் தவறான சிக்னல் கொடுத்தா, பதிவேட்டிலும் அந்தத் தவறான சிக்னல்தானே ஏறும்? சாட்சி சொல்ற இயந்திரமும் குற்றம் சாட்டப்பட்ட இயந்திரமும் ஒண்ணுதான். அதோட நினைவகம் கம்பெனி சர்வர்ல இருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்கு இங்க ஒரு புராஜெக்ட் தலைப்பு கிடக்குது, எடுத்துக்கோங்க.

சட்டத்தில் வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் பொருள் குறைபாட்டால் வரும் காயத்துக்குத் தயாரிப்பாளர், விற்பவர், சர்வீஸ் செய்பவர் மூவரையும் பொறுப்பாக்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் குறைபாடு இருந்தது என்று காட்டுவது நம் வேலை. விபத்துக்கு அப்புறம் வண்டியை அவசரமா சர்வீஸுக்குக் கொடுத்து பார்ட்ஸ் மாத்திட்டா ஆதாரமும் அதோட போச்சு. தரவுப் பதிவு வேணும்னா உடனே எழுத்துல கேக்கணும். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் சேர்ந்து இருக்கணும். கன்ட்ரோலரை நீங்களே திறந்து வயரை மாத்தியிருந்தா, கம்பெனி வக்கீல் வேற எதுவும் பேச வேண்டியதில்ல.

ரோட்டுப் பக்கமும் ஒரு பிரிவு இருக்கு, 198ஏ. ரோட்டின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் வரை அபராதம். குழிக்கு இது பொருந்தும். குளிச்சவங்க சொட்டவிட்ட எண்ணெய்க்குப் பொருந்துமான்னு அண்ணன்கிட்ட கேட்டேன், சிரிச்சாரு.

விழுந்த பிறகு

அன்னைக்கு ரோட்டுல சரியா நடந்தது ஒண்ணே ஒண்ணுதான். இவங்க ஓடல. 108க்குப் போன் பண்ணினாங்க, தாத்தாவைத் தனியா விடல. அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும், 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் சொல்வதும் 134ஆம் பிரிவுப்படி ஓட்டுநரின் கடமை. நின்று உதவின மாங்குஸ்தான் வியாபாரி "போலீஸ் கேஸ்ல நம்மளையும் இழுப்பாகளோ"ன்னு பயந்தாரு. உதவுபவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 134ஏ பிரிவே இருக்கிறது, அது அவருக்கும் தெரியல, அப்போ எங்களுக்கும் தெரியல.

முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. 2025ல் வந்த மத்திய திட்டம் மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டவருக்கு 7 நாள், 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை கொடுக்கிறது. ஆஸ்பத்திரியில சேர்க்கும்போதே கேட்டுருங்க, தானா யாரும் சொல்லணும்னு இல்ல.

இழப்பீட்டு மனுவுக்குக் கால வரம்பு ஆறு மாதம் என்று 2022 ஏப்ரலிலிருந்து சட்டம் சொல்கிறது. அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உண்டு, ஆனா அதை நம்பி நாள் கடத்தாதீங்க. விபத்து நடந்த ஊரில்தான் மனுப் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். குற்றாலத்தில் அடிபட்ட தூத்துக்குடிப் பையன் தூத்துக்குடியிலேயே போடலாம். மேல்முறையீடு என்று வந்தால் நமக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

எங்க தாத்தா ஆறு மாசம் முடிய மூணு வாரம் இருக்கும்போது மனுப் போட்டாரு. காப்பீட்டு நிறுவனம் எதிர்பார்த்த மாதிரியே உரிமம் இல்லங்கிறதைத்தான் முதல் பத்தியிலேயே எழுதியிருக்கு. தனக்குத் தெரியாம மகன் வண்டியைக் கொடுத்துட்டான், அவனுக்கும் அந்தப் பையன் எல்.எல்.ஆர். முடிஞ்சது தெரியாதுன்னு அந்த அம்மா தரப்புல பதில் போட்டிருக்காங்க. என் ரூம்மேட் இப்போ லைசென்ஸ் எடுத்துட்டான். ஞாயிற்றுக்கிழமைகள்ல அந்த வீட்டுக்குப் போயிட்டு வர்றான். முதல்ல ரெண்டு தடவை அவங்க பேசவே இல்லையாம், மூணாவது தடவை காப்பி கொடுத்தாங்களாம். தாத்தா கம்பு ஊன்றி நடக்கிறாரு, சைக்கிள் இன்னும் எடுக்கல.

அடுத்த வாய்தா ஆகஸ்ட்ல.